கடைசி மடத்திலிருந்து எவ்வளவு தூரம்

கண்டக்டர் இந்த உலகத்தில் கடைசியாகச் சொன்னது ஒரு பொய்.

"இதோ, ரெண்டே கிலோமீட்டர். பேசிக்கிட்டே போயிடலாம்," என்று மலைப்பாதை மடத்தின் வாசலில் மூச்சு வாங்க நின்ற ஆறேழு பேரிடம் சொல்லிவிட்டு நாற்காலியில் சாய்ந்துகொண்டார். உள்ளே வெந்நீர் அண்டாவுக்கு மூடியைத் தேடிக்கொண்டிருந்த அவர் மனைவி, அவருக்குக் கேட்கும்படியும் பக்தர்களுக்குக் கேட்காதபடியும், "ஆறே கால்," என்றார். பதினோரு வருடப் பழக்கத்தில் குரலை அந்த அளவில் நிறுத்த அவருக்குக் கைவந்திருந்தது. பதில் வரவில்லை. பதில் வராததும் வழக்கம்தான். மூடி கிடைத்து, அண்டாவை மூடி, இரண்டு டம்ளரில் தேநீரை ஊற்றிக்கொண்டு வெளியே வந்தபோதுதான், இந்தத் தடவை பதில் வராததற்குக் காரணம் வேறு என்று தெரிந்தது.

அந்த ஆறேழு பேரும் அதற்குள் முதல் வளைவைத் தாண்டிப் போயிருந்தார்கள். சந்தோஷமாகப் பாடிக்கொண்டே போனார்கள் என்று எதிர்த்த டீக்கடைக்காரர் பிற்பாடு சொன்னார்.

அடிவாரத்தில் பிள்ளையார் கோயில், நடுவழியில் அம்மன் கோயில், உச்சியில் முருகன் கோயில். நடந்து போகிறவர்கள் களைப்பாறுவதற்கு வழியில் மூன்று மடங்கள். மூன்றாவது மடத்தை இவர்கள் இரண்டு பேரும் பார்த்துக்கொண்டார்கள். ஒரு கூடம், பாய்கள், தண்ணீர்த் தொட்டி, சமையலறை, பின்னால் இவர்கள் குடியிருந்த இரண்டு அறைகள். அதற்கு மேலே மனுஷர் கைபட்ட கட்டடம் என்றால் கோயில்தான்.

அவர் முப்பத்தொரு வருடம் கண்டக்டராக இருந்தவர். எள் போட்டால் எள் விழாத பஸ்ஸில் நின்றுகொண்டு, "உள்ளே போங்க, உள்ளே காலியாத்தான் இருக்கு," என்று கூசாமல் சொன்ன வாய். டிரைவர் அப்போதுதான் சாப்பிடப் போயிருப்பார், "இதோ ரெண்டு நிமிஷத்துல கிளம்பிடும்," என்பார். ஓய்வு பெற்று மடத்துக்கு வந்தபோது டிக்கெட் பையைத்தான் டெப்போவில் ஒப்படைத்தார். அந்த இரண்டை ஒப்படைக்கவில்லை. நிமிஷமாக இருந்தது கிலோமீட்டராக மாறிக்கொண்டது, அவ்வளவுதான்.

"அடிவாரத்துலயும் ரெண்டுன்னாங்க, அம்மன் கோயில்லயும் ரெண்டுன்னாங்க, நீங்களும் ரெண்டுங்கறீங்க?" என்று யாராவது கேட்டால், "அப்ப நீங்க சரியான வழியிலதான் வந்துக்கிட்டிருக்கீங்க," என்று தட்டிக்கொடுத்து அனுப்பிவிடுவார்.

மனைவியான டீச்சருக்கு இது ஆகவே ஆகாது. அவர் இருபத்திரண்டு வருடம் கணக்கு டீச்சர். விடை சரியாக இருந்து வழி தப்பாக இருந்தாலே அரை மதிப்பெண் குறைத்தவர். மடத்துக்கு வந்த முதல் மாதமே தூரத்தை அளந்தாக வேண்டும் என்று நின்றார். டீக்கடைக்காரரின் சைக்கிளை வாங்கி, சக்கரக் கம்பியில் சிவப்புத் துணி கட்டி, அது ஒவ்வொரு தடவை மேலே வரும்போதும் எண்ணிக்கொண்டே நடந்தார். சைக்கிளைத் தள்ளியது கண்டக்டர். இருநூற்றுப் பதினாலு படியில் அதைத் தோளில் தூக்கிக்கொண்டு ஏறியதும் அவரே. படிகளை டீச்சர் தனியாக நாடாவால் அளந்தார். வழியில் பார்த்தவர்கள் ஏதோ வேண்டுதல் என்று நினைத்து சைக்கிளைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். கடைசியில் எல்லாம் கூட்டி, ஆறு கிலோமீட்டர் இருநூற்று முப்பத்தொன்பது மீட்டர் வந்தது. வாய்க்கு வசதியாக இருக்கட்டும் என்று பதினோரு மீட்டரைச் சேர்த்து ஆறே கால் என்று வைத்துக்கொண்டார். அவர் வாழ்க்கையில் காட்டிய ஒரே தாராளம் அது.

"தெரிஞ்சுதுல்ல? இனிமே ஆறே கால்னு சொல்லுங்க," என்றார்.

"சொல்லிட்டாப் போச்சு," என்றார் கண்டக்டர், தோளைத் தேய்த்துக்கொண்டே. மறுநாள் காலையில் முதல் கூட்டம் வந்து கேட்டது. "ரெண்டு," என்றார்.

பொய்க்குத் தண்டனை சாயங்காலம் வரும். இறங்கி வருகிறவர்கள் நேராக அவரைத் தேடித்தான் வருவார்கள். கண்டக்டர் அதற்கும் தயாராக இருப்பார். பெரிய தொட்டியில் உப்புப் போட்ட வெந்நீர். சுற்றி உட்காரவைத்துக் காலை முக்கச் சொல்லுவார். திட்டுகிறவர் காலை முக்கிக்கொண்டே திட்டுவார். சூடு ஏற ஏறத் திட்டின் சுருதி இறங்கும். அரை மணியில், "வர்ற வருஷம் அம்மாவையும் கூட்டிட்டு வரணும்," என்ற இடத்துக்கு வந்துவிடுவார்கள்.

"பாரு டீச்சர், திட்டறவங்க அத்தனை பேரும் சாமி கும்பிட்டுட்டு வந்து திட்டறாங்க. பாதியில திரும்பிப் போனவங்க யாராவது வந்து திட்டினாங்களா?"

"பாதியில திரும்பினவங்க எதுக்குத் திட்டணும்?"

"அதைத்தான் நானும் சொல்றேன்."

இப்படிப் பேசுகிறவரோடு எந்தக் கணக்கு டீச்சர் வாதாட முடியும்.

காரியங்கள் எல்லாம் முடிந்து உறவுக்காரர்கள் கலைந்த பிறகு, மகள் மட்டும் இரண்டு நாள் கூட இருந்தாள். "வந்துடும்மா. எங்களோட இரு. உனக்குன்னு தனி ரூம் இருக்கு," என்றாள். அந்த ரூம் டீச்சருக்குத் தெரியும். அதில் நின்ற இடத்திலேயே நடக்கிற எந்திரம் ஒன்று உண்டு. மருமகன் வாங்கினது. அதன்மேல் எப்போதும் துணி காயும். நடந்த தூரத்தை மீட்டர் சுத்தமாகக் காட்டும். மகள் வீட்டில் டீச்சருக்குப் பிடித்த பொருள் அது ஒன்றுதான். அதற்காக அந்த ரூமில் போய் மிச்ச நாளையும் உட்கார முடியுமா?

"நான் மடத்தைப் பார்த்துக்கறேன்," என்றார்.

கோயில் கமிட்டிச் செயலாளர் வந்து, தொண்டையைச் செருமி, "ஒரு மாசம் பாருங்க டீச்சர். முடியலைன்னா சங்கடப்படாம சொல்லிடுங்க. டீக்கடைக்காரர் தம்பி சும்மாத்தான் இருக்கான். அவன்கிட்ட சாவியைக் கொடுத்துடலாம்," என்றார். சாவியைக் கொடுப்பது என்றால் பின்னால் இருக்கிற இரண்டு அறைகளையும் சேர்த்துக் கொடுப்பது. அதை அவர் சொல்லவில்லை. டீச்சரும் கேட்கவில்லை.

மறுநாள் மடத்தைத் திறந்தார். கூடத்துச் சுவரில் கண்டக்டரின் படம் ஏறியிருந்தது. பணி ஓய்வு நாளில் எடுத்த படம். கழுத்து நிறைய மாலை, நெற்றி நிறைய விபூதி, முகத்தில் இனிமேல் யாருக்கும் பாக்கிச் சில்லறை தர வேண்டாம் என்ற நிம்மதி. முன்னால் ஒரு விளக்கு.

காலையில் ஒன்பது பேர் ஏறி வந்தார்கள். தலையில் துண்டைச் சுற்றியிருந்த பெரியவர், "இன்னும் எவ்வளவு தூரம்மா?" என்றார்.

பதினோரு வருடமாக இந்தக் கேள்விக்காகக் காத்திருந்தவர் டீச்சர். "ஆறே கால் கிலோமீட்டர். அதுல இருநூத்திப் பதினாலு படி. கடைசி ஒண்ணரை கிலோமீட்டர் செங்குத்து. நிழல் கிடையாது," என்றார்.

ஒன்பது பேரும் உட்கார்ந்தார்கள். களைப்பாற உட்காருவது ஒரு விதம், இனி எழுந்திருப்பதில்லை என்று உட்காருவது ஒரு விதம். இது இரண்டாவது விதம். பிறகு பெரியவர் உச்சியை அண்ணாந்து பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்.

"இங்கேயிருந்தே கோபுரம் தெரியுதே. கும்பிட்டா கண்ணுக்குத் தெரியாமலா போயிடும் அவருக்கு?"

அடுத்து வந்தவர்கள் இவர்களைப் பார்த்து, "என்ன, இங்கேயே உட்கார்ந்துட்டீங்க?" என்றார்கள். இவர்கள் சொன்னார்கள். அவர்களும் உட்கார்ந்தார்கள். மத்தியானத்துக்குள் கூடம் நிறைந்து, பாய் தீர்ந்து, தண்ணீர்த் தொட்டியின் மேடையிலும் ஆள் ஏறிவிட்டது. ஒருவர் உச்சியைப் பார்த்துக்கொண்டே மடத்து வாசற்படியில் தேங்காயை உடைத்தார். ஒருவர் உடைத்தால் போதாதா? பொழுது சாய்வதற்குள் வாசற்படி ஒரு பக்கம் பெயர்ந்துவிட்டது.

டீச்சர் மனம் தளரவில்லை. உண்மைக்குப் பழக நாளாகும் என்று இருந்தார். மூன்றாம் நாள், ஒரு அம்மாள் கண்டக்டரின் படத்தின் முன்னால் நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"இவர் எந்தச் சித்தரும்மா?"

"சித்தர் இல்லை. கண்டக்டர்."

"ஓ, கண்டக்டர் சித்தர்," என்று அந்த அம்மாள் பின்னால் நின்ற மருமகளுக்குச் சொன்னார். "பழைய சித்தராத்தான் இருக்கும். தோள்ல பாரு, விபூதிப் பை."

"அது டிக்கெட் பை," என்றார் டீச்சர். யாரும் காதில் வாங்கவில்லை. அன்று சாயங்காலம் விளக்கின் முன்னால் பூவும் பழமும் குவிந்திருந்தன. இரண்டு பேர் தங்களுக்கு டிரான்ஸ்பர் வேண்டிக்கொண்டார்கள். பஸ் டிக்கெட்டை மடித்துப் படத்தின் பின்னால் செருகிவைத்தார் இன்னொருவர்.

எல்லோரும் போனதும் டீச்சர் படத்தைப் பார்த்தார். உயிரோடு இருந்தபோது ஒரு நாள் குளித்துவிட்டுச் சாமி கும்பிடுங்கள் என்றால் ஒன்பது சாக்குச் சொன்ன மனுஷன். அழுகைக்கும் சிரிப்புக்கும் நடுவில் ஒரு சத்தம் அவர் தொண்டையிலிருந்து வந்தது. கூடத்தில் தனியாக இருந்ததால் அது எது என்று அவர் முடிவு செய்ய வேண்டியிருக்கவில்லை.

ஐந்தாம் நாள் அர்ச்சகரே இறங்கி வந்தார். எட்டு வருடமாகப் பகல் வேளையில் கோயிலை விட்டு நகராதவர்.

"டீச்சர், நாலு நாளா ஒரு ஈ காக்கா வரலை. நானும் முருகனும் ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்கோம். அவருக்காவது பழக்கம். என்ன நடக்குது இங்கே?"

அந்த நேரத்தில் அவர் பக்கத்தில் இரண்டு பேர் கண்டக்டர் சித்தரைச் சுற்றி வந்துகொண்டிருந்தார்கள். சுவரில் மாட்டிய படத்தைச் சுற்ற முடியாது என்பதால் நின்ற இடத்திலேயே தங்களைச் சுற்றிக்கொண்டார்கள். அர்ச்சகர் அதைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார், டீச்சரைப் பார்த்தார். செயலாளருக்கு போன் போட்டார்.

செயலாளர் மத்தியானம் வந்து சேர்ந்தார். பெயர்ந்த படியில் கால் இடறியபடியேதான் வந்தார்.

"ரெண்டுன்னு சொல்றதுல உங்களுக்கு என்ன டீச்சர் கஷ்டம்?"

"ரெண்டு இல்லையே."

"இல்லைதான். யாரு மறுத்தா? வாயால சொல்றதுதானே?"

"வாயிலதான் சார் வரமாட்டேங்குது."

அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். நல்ல மனிதர்தான். "ஒரு மாசம்னு சொன்னேன். இப்படியே போனா கோயிலையே கீழே இறக்கணும் போலிருக்கு. நாளைக்கு ஒரு நாள் பாருங்க. நாளைக்கும் யாரும் மேலே போகலைன்னா சாவியைக் கொடுத்துடுங்க. என்னைத் தப்பா நினைக்காதீங்க."

அவர் போனதும் டீச்சர் சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு பழகிப் பார்த்தார். "ரெண்டு கிலோ..." நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. அண்டாவைப் பார்த்துச் சொன்னார். அண்டாவுக்கே பொய் சொல்ல முடியவில்லை. "பக்கத்துலதான்" என்று மாற்றிப் பார்த்தார். எதுக்குப் பக்கத்தில் என்று உள்ளேயிருந்து ஒரு டீச்சர் கேட்டாள். கடைசியில் ஒரு வழி தோன்றியது. மைல் கணக்கு. ஆறே கால் கிலோமீட்டர் நாலு மைலுக்குக் கொஞ்சம் குறைவு. நாலு மைலுக்குள்ளே என்பது சத்தியமான வார்த்தை. கேட்பதற்கும் இதமாக இருந்தது.

மறுநாள் காலையில் பெரிய கூட்டமாக வந்தது. இரண்டு வண்டியில் அடிவாரத்துக்கு வந்தவர்கள், நாற்பத்தொரு பேர். அவர்களுக்குத் தலைவர் மாதிரி ஒரு தடித்த மனிதர், மண்டபம் கட்டுகிற கான்ட்ராக்டர் என்று பேச்சில் தெரிந்தது. வழி முழுக்க எல்லோரையும் அதட்டிக்கொண்டே வந்த களைப்பு அவருக்கு.

"எவ்வளவும்மா இன்னும்?"

"நாலு மைலுக்குள்ளேதான்," என்றார் டீச்சர்.

கூட்டத்தில் ஒருவர் போனை எடுத்துத் தட்டினார். "நாலு மைல்னா ஆறு புள்ளி நாலு கிலோமீட்டர்," என்று அறிவித்தார். ஆறே காலுக்கும் மேலே நூற்றைம்பது மீட்டர் கூடிப்போயிற்று.

"அவ்வளவு இல்லை. ஆறே கால்தான்," என்றார் டீச்சர் அவசரமாக. தான் செய்தது என்ன என்று சொல்லி முடித்த பிறகுதான் உறைத்தது.

நாற்பத்தொரு பேரில் முப்பது பேர் அந்த க்ஷணமே பைகளை இறக்கிவிட்டார்கள். கான்ட்ராக்டர் மட்டும் நம்பவில்லை. "லேடீஸுக்கு தூரம் பிடிபடாது. எங்க வீட்லயும் அப்படித்தான். கடைத்தெருவுக்குப் போறதை வெளியூர் போற மாதிரி சொல்லுவா," என்றார். அவர் மனைவி வேறு பக்கம் பார்த்துக்கொண்டார். "உங்க வீட்டுக்காரர் இருக்காரா? அவரைக் கேட்டா கரெக்டா சொல்லுவார்."

டீச்சருக்குச் சுர்ரென்று ஏறியது. சக்கரம் இரண்டாயிரத்துத் தொள்ளாயிரத்துச் சொச்சம் சுற்றியதை ஒரு சுற்று விடாமல் எண்ணியது யார்? படி படியாக நாடா பிடித்தது யார்?

"எங்க வீட்டுக்காரரா?" என்றார். "எங்க வீட்டுக்காரர் ரெண்டு கிலோமீட்டர்னு சொல்லுவார்."

"பார்த்தீங்களா," என்றார் கான்ட்ராக்டர் கூட்டத்தைத் திரும்பிப் பார்த்து. "ரெண்டாம். கிளம்புங்க, கிளம்புங்க. பைய எடு."

டீச்சர் வாயைத் திறந்தார். திருத்துவதற்குத்தான் திறந்தார். ஆனால் எதைத் திருத்துவது? சொன்னதில் ஒரு எழுத்து பொய் இல்லை. அவர் ரெண்டு என்றுதான் சொல்லுவார். எந்த நாளில் யார் கேட்டாலும் ரெண்டு என்றுதான் சொல்லியிருப்பார். இதைவிட நிச்சயமான ஒரு கணக்கை டீச்சர் கரும்பலகையில்கூட எழுதியதில்லை.

வாயை மூடிக்கொண்டார். நாற்பத்தொரு பேரும் தண்ணீர் குடித்துவிட்டுப் பாடிக்கொண்டே ஏறினார்கள்.

எதிர்த்த கடையிலிருந்து டீக்கடைக்காரர் டம்ளரைக் கழுவுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார். "என்ன டீச்சர், என்ன சொல்லி அனுப்பினீங்க?"

"உள்ளதைத்தான் சொன்னேன்."

மத்தியானம் மூன்று மணிக்கு மேலேயிருந்து போன் வந்தது. "டீச்சர், நாப்பத்தோரு பேரு," என்றார் அர்ச்சகர். "நாப்பத்தோரு பேரும் ஏறி வந்து, முதல்ல உங்க வீட்டுக்காரரைத் திட்டிட்டு, அப்புறந்தான் சாமியையே பார்த்தாங்க. பழைய மாதிரியே இருந்தது. செயலாளருக்கும் சொல்லிட்டேன். சாவியெல்லாம் உங்ககிட்டயே இருக்கட்டும்ங்கறார்."

டீச்சர் போனை வைத்துவிட்டு அண்டாவை அடுப்பில் ஏற்றினார். பெரிய தொட்டியை முற்றத்துக்கு இழுத்துக்கொண்டு வந்து உப்பை அள்ளிப் போட்டார். எவ்வளவு போட வேண்டும் என்று அவருக்குத் தெரியாது. அது கண்டக்டரின் வேலை. அவர் ஒரு நாளும் அளந்து போட்டதில்லை.

வெயில் இறங்கும் நேரத்துக்கு வந்துவிட்டார்கள். கான்ட்ராக்டர்தான் முதலில். நடை இல்லை அது, ஒரு காலை இழுத்துவைத்துவிட்டு அடுத்த காலைக் கெஞ்சிக் கூப்பிடுவது மாதிரி இருந்தது.

"எங்கேம்மா அந்த ஆளு? ரெண்டு கிலோமீட்டராமே. நாலு வார்த்தை கேட்காம இந்த இடத்தை விட்டு நகரமாட்டேன்."

"முதல்ல காலை முக்குங்க," என்றார் டீச்சர். "அப்புறம் கேட்கலாம்."

அவர் காலை முக்கினார். முக்கிக்கொண்டே கேட்டார். நாலு வார்த்தை என்றவர் நாற்பது வார்த்தை கேட்டார். "படிச்சவன் பண்ற வேலையா இது? வரச்சொல்லுங்க அவரை."

டீச்சர் கூடத்தைக் காட்டினார். "அங்கே இருக்கார். கேளுங்க. நானும் பதினோரு வருஷமாக் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்."

கான்ட்ராக்டர் திரும்பிப் பார்த்தார். மாலையைப் பார்த்தார். விளக்கைப் பார்த்தார். தொட்டித் தண்ணீரில் அவர் கால்விரல்கள் மெல்ல மடங்கின.

"எப்பம்மா?"

"இன்னியோட இருபத்தாறு நாளாச்சு."

அவர் மனைவி புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டார்.

"காலையில ஆறே கால்னு நீங்க சொன்னதுதான் சரியா?" என்றார் கான்ட்ராக்டர்.

"சரியாச் சொன்னா பதினோரு மீட்டர் குறைச்சல்."

"அதை நம்பியிருந்தா நான் போயிருக்க மாட்டேன்."

"தெரியும்," என்றார் டீச்சர். அந்த வார்த்தையைச் சொல்வதற்கு அவருக்குப் பதினோரு வருடம் ஆகியிருந்தது. கேட்கவேண்டியவர் காதில் விழாது என்பதும் தெரியும்.

"தண்ணி நல்லா இருக்கும்மா," என்றார் கான்ட்ராக்டர் மனைவி. "உப்புத்தான் கொஞ்சம் தூக்கல்."

ஒவ்வொரு கூட்டமாக வந்து, முக்கி, துடைத்து, விளக்கைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு இறங்கினார்கள். கடைசியில் தொட்டி முற்றத்து நடுவில் கலங்கிய தண்ணீரோடு நின்றது. அதற்கு இரண்டு பக்கமும் கைப்பிடி. தண்ணீரோடு ஒரு ஆளால் நகர்த்த முடியாது. டீச்சர் ஒரு கைப்பிடியைப் பிடித்துவிட்டு, எதிர்ப்பக்கம் பார்த்து நின்றார். கொஞ்சம் அதிக நேரமே நின்றுவிட்டார். பிறகு ஒரு குவளையை எடுத்து மொண்டு ஊற்றலாம் என்று திரும்பினார்.

செருப்பு மாட்டிக்கொண்டிருந்த கான்ட்ராக்டர் அதைப் பார்த்துவிட்டு, செருப்பை உதறிவிட்டு, நொண்டிக்கொண்டே வந்து மறு கைப்பிடியைப் பிடித்தார்.

"எங்கேம்மா கொட்டணும்?"

"அதோ, அந்த மூலைச் சாக்கடையில."

"எவ்வளவு தூரம்?" என்றார் அவர், சந்தேகமாக.

"பதினெட்டு அடி," என்றார் டீச்சர்.

தூக்கினார்கள். பதினெட்டு அடிதான் இருந்தது.